கன்னத்தில் கை வைத்த தாயைப் பார்த்து என் அம்மாவை எழுதினேன். அது படத்துக்கான பதில் இல்லையா?

தாமிரபரணிக்கரை:

வணக்கம். நான் ஒளிப்படக் கலை முதலாண்டு மாணவி. வகுப்பில் பெயரோ விவரமோ சொல்லாமல் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைக் கையில் கொடுத்து, பார்த்ததும் என்ன தோன்றுகிறதோ அதை ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். 1936 மார்ச்சில், கலிஃபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் டோரதியா லாங் எடுத்த படம் அது என்று பிறகுதான் சொன்னார்கள். ‘புலம்பெயர்ந்த தாய்’ என்று உலகத்துக்கே தெரிந்த படம்.

பார்க்காதவர்களுக்காக: நடுவில் ஒரு பெண். இருபுறமும் இரண்டு பிள்ளைகள் அவள் தோளில் முகத்தைப் புதைத்து, நமக்குப் பின்தலையைக் காட்டுகிறார்கள். மடியில் கைக்குழந்தை. ஸ்வெட்டரின் கை நைந்து பிரிந்திருக்கிறது. அவளுடைய ஒரு கை கன்னத்தருகே இருக்கிறது. பார்வை நம்மைத் தாண்டி எங்கோ போகிறது.

நான் எழுதியதன் சாரம் இது. என் அம்மா பீடி சுற்றுகிறவள். முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டால் இலை வெட்டுவது, தூள் வைத்து உருட்டுவது, நூல் கட்டுவது, முனையை மடக்குவது என்று விரல்கள் ஓய்வதே இல்லை. பேசும்போதும் ஓடும், டிவி பார்க்கும்போதும் ஓடும். அந்தக் கை கன்னத்துக்குப் போய் நான் பார்த்தது ஒரே இடத்தில்தான். பீடிக் கடையில், கட்டுகளைப் பிரித்துப் பார்த்து, சரியில்லாதவற்றைக் கடைக்காரர் ஒதுக்கித் தள்ளுவார். எவ்வளவு தேறும் என்று தெரிகிறவரை அம்மாவின் கைக்கு வேலை இல்லை. கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்று ஆச்சி அதட்டுவாள். அங்கே அதட்ட யாரும் இல்லை. இந்தப் படத்தில் இருப்பதும் அந்தக் கைதான் என்று எழுதினேன்.

தாள் திரும்பி வந்தது. ‘படத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இது நாட்குறிப்பு’ என்று ஓரத்தில் எழுதியிருந்தது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. தோன்றியதை எழுது என்று கேட்டுவிட்டு, தோன்றியதை எழுதினால் தள்ளுவதா? வரலாறும் தொழில்நுட்பமும் தெரிகிறவரை ஒரு படத்துக்குப் பதில் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லையா?

இருட்டறை:

மகளே, நீ நன்றாக எழுதியிருக்கிறாய். ஆனாலும் உன் ஆசிரியர் சொன்னது சரி என்பதுதான் என் எண்ணம்.

டிஜிட்டல் வருவதற்கு முன்பிருந்தே ஸ்டூடியோ நடத்துகிறவன் நான். என்னிடம் வேலை பழக வருகிற பிள்ளைகளிடம் ஒன்று கேட்பேன். நீ சொன்னதை வேறொரு படத்தின் கீழே ஒட்ட முடியுமா? முடியும் என்றால் நீ இந்தப் படத்தைப் பார்க்கவில்லை. உன் பக்கத்தை எந்த ஏழைத் தாயின் படத்தின் கீழும் ஒட்டிவிடலாம்.

லாங் கையில் வைத்திருந்தது கிராஃப்ளெக்ஸ் கேமரா. 4க்கு 5 அங்குலத் தனித்தாள் ஃபிலிம். இன்றைய செல்பேசியைப் போல அடுக்கடுக்காகச் சுட முடியாது. ஒவ்வொரு படத்துக்கும் தாளை மாற்றி நின்று யோசித்துத்தான் எடுக்க வேண்டும். அந்த இடத்தில் அவர் எடுத்த மற்றப் படங்களும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையத்தளத்தில் இருக்கின்றன. எட்ட நின்று எடுத்ததில் கூடாரம் முழுதாகத் தெரிகிறது. பதின்வயது மகள் ஒருத்தி ஆடும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். இன்னொன்றில் ஒரு பிள்ளை மட்டும் தாயின் தோளில் மோவாயை வைத்து நிற்கிறது. முன்னால் ஒரு பெட்டி, அதன்மேல் காலித் தகரத் தட்டு. கடைசிப் படத்தில் நிலம் இல்லை, வானம் இல்லை, மூத்த மகள் இல்லை, தட்டு இல்லை. முகமும் கையும் பிள்ளைகளின் தலைமுடியும்தான். பிள்ளைகளின் முகம் தெரிந்திருந்தால் நம் கண் மூன்று இடங்களுக்குப் பிரிந்து போயிருக்கும்.

உன் நெஞ்சைப் பிடித்தது இந்த நெருக்கம். அதை ஒரு பெண் எப்படிச் செய்தாள் என்று பார்ப்பதுதான் முதலாண்டுப் பாடம். உன் அம்மாவைப் பற்றி எழுத உனக்கு ஆயுள் முழுக்க நேரம் இருக்கிறது.

கூர்நோக்கு:

இருட்டறை ஐயாவுக்கு வணக்கம். நான் இந்தப் பாடத்தைக் கல்லூரியில் நடத்துகிறவள்.

எந்தப் படத்தின் கீழும் ஒட்டக்கூடிய பக்கம் எது தெரியுமா? ‘மூன்றில் ஒரு பங்கு விதி பின்பற்றப்பட்டுள்ளது. கோடுகள் பார்வையை மையத்துக்கு இழுக்கின்றன. ஒளியும் நிழலும் உணர்வை வெளிப்படுத்துகின்றன.’ ஆண்டுதோறும் கட்டுக்கட்டாக இதைத் திருத்துகிறேன். எழுதியவர்களில் பலர் படத்தை நேராகப் பார்த்திருக்கவே மாட்டார்கள். பாடப்புத்தகத்தின் சொற்களை எடுத்துப் படத்தின்மேல் போர்த்திவிடுவார்கள். அதற்கு மதிப்பெண்ணும் கிடைக்கும்.

இந்த மாணவியின் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: கைக்கு வேலை இல்லை. இது வேறு எந்த ஏழைத் தாயின் படத்துக்கும் பொருந்தாது, ஐயா. உழைக்கும் பெண்களைப் படமெடுப்பவர்கள் கல் சுமப்பதையும் நாற்று நடுவதையும்தான் எடுப்பார்கள். லாங்கின் படத்தில் அவள் எதையும் செய்யவில்லை. பார்த்தவர்களில் எத்தனை பேர் இதைச் சொல்லியிருக்கிறார்கள்? விரல் ஓயாத ஒரு தாயோடு வளர்ந்தவளுக்கு அது முதலில் கண்ணில் பட்டது. அவள் தன் அம்மாவை எழுதியது படத்தை விட்டு ஓடுவதற்காக அன்று. படத்துக்குள் அந்த வழியாகத்தான் நுழைந்தாள்.

செய்திப்படம்:

இரண்டு பேரும் கலையைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் இருந்தது. ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன். செரோக்கீ பழங்குடி வழிவந்தவர். அப்போது அவருக்கு வயது 32.

லாங் அவர் பெயரைக் கேட்கவில்லை. அதைப் பின்னாளில் லாங்கே எழுதியிருக்கிறார். சான் பிரான்சிஸ்கோ நாளிதழில் படங்கள் வந்தன, அரசு அந்த முகாமுக்கு 20,000 பவுண்டு உணவு அனுப்பியது, ஆனால் அதற்குள் ஃப்ளோரன்ஸின் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தது. காரின் டயரை விற்றுச் சாப்பாடு வாங்கினார்கள் என்று லாங் எழுதினார். அப்படி எதையும் விற்கவில்லை என்று பிள்ளைகள் பின்னாளில் மறுத்தார்கள். 1978இல்தான் ஒரு செய்தியாளர் ஃப்ளோரன்ஸைத் தேடிக் கண்டுபிடித்தார். அந்தப் படத்தை எடுத்திருக்கவே வேண்டாம், அதனால் எனக்கு ஒரு காசும் வரவில்லை என்ற பொருளில்தான் அவர் பேசினார். 1983இல் இறந்தார்.

ஆக, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உலகமே அவர் முகத்தில் தன் தாயையும் தன் துயரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தது, அவர் யார் என்று கேட்காமல். தங்கையே, உன் பக்கமும் அந்த வரிசையில்தான் வந்து நிற்கிறது. அவர் உன் அம்மா அல்லர். சொந்த உணர்வோடு பதில் சொல்வது என்று நாம் பெருமையாகச் சொல்வது, படத்தில் இருக்கும் மனிதரை வெளியே தள்ளிவிட்டு நாம் போய் உட்கார்ந்துகொள்வதாகப் பல நேரம் முடிகிறது. செய்திப் படம் எடுக்கிறவன் என்ற முறையில் இது எனக்கு உறுத்துகிறது.

தாமிரபரணிக்கரை:

அண்ணா, அந்தப் பெயரை எங்களிடம் மறைத்துவிட்டுத்தானே படத்தைக் கொடுத்தார்கள்! ஃப்ளோரன்ஸ் யார் என்று அன்று இரவே தேடிப் படித்தது நான். ‘சமநிலை’, ‘முக்கோண அமைப்பு’ என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர்கள் தேடவில்லை. என் அம்மாவைப் போல இருந்ததால்தான் அவர் பெயர் எனக்கு வேண்டியிருந்தது.

எங்கள் தெருவுக்கும் கேமராவோடு ஆட்கள் வந்திருக்கிறார்கள். பீடித் தொழிலாளர்களைப் பற்றி ஏதோ செய்வதாகச் சொல்லி அம்மாவின் விரல்களை நெருக்கத்தில் எடுத்தார்கள். படத்தை அனுப்புவதாகச் சொன்னார்கள். வரவில்லை. எங்கே போட்டார்கள் என்றும் தெரியாது. அம்மா இன்றும் கேட்கிறாள், என் முகத்தை எடுத்தார்களா, கையை மட்டும் எடுத்தார்களா என்று. ஃப்ளோரன்ஸின் கோபம் எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியது இல்லை.

இருட்டறை:

கோபம் நியாயமானது. ஆனால் கேள்வி அது இல்லை. ஒருவருக்குத் தோன்றியதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதுதான் கேள்வி.

சொந்தப் பதிலைப் பற்றிப் பேசினாலே எல்லோரும் பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த்திடம் போய் நிற்பார்கள். 1980இல் வந்த அவருடைய கடைசி நூல், ஒரு படத்தில் ஏதோ ஒரு சிறு பொருள் பார்ப்பவரைக் குத்துவதைப் பற்றியது. 1926இல் ஜேம்ஸ் வான் டெர் ஸீ எடுத்த ஒரு கறுப்பினக் குடும்பத்தின் படத்தை அதில் எடுத்துக்கொள்கிறார். முதலில் ஒரு பெண்ணின் வார் வைத்த செருப்பு தன்னைத் தொட்டது என்கிறார். பிறகு, படத்தைக் கண்முன் வைக்காமல் நினைத்துப் பார்த்தபோது, இல்லை, அவள் கழுத்தில் இருந்த மெல்லிய பொன் சங்கிலிதான் என்கிறார். திருமணமாகாமலே வாழ்ந்து முடிந்த தன் அத்தை அணிந்திருந்தது அதுபோன்ற சங்கிலி என்கிறார். எத்தனையோ வகுப்புகளில் இதைப் பாடமாக நடத்தியிருக்கிறார்கள்.

படத்தை எடுத்துப் பாருங்கள். அந்தப் பெண்ணின் கழுத்தில் இருப்பது முத்துமாலை. பொன் சங்கிலி அத்தையின் கழுத்தில் இருந்தது. இந்தப் படத்தில் இல்லை. ஆய்வாளர்கள் இதைப் பின்னாளில் எடுத்துக்காட்டினார்கள். இத்தனை பெரிய மனிதருக்கே சொந்த நினைவு படத்தை மாற்றிக் காட்டியிருக்கிறது. பதினெட்டு வயதுப் பிள்ளைகளிடம் ‘உனக்கு என்ன தோன்றுகிறதோ அதுவே சரி’ என்று சொல்லிக் கொடுத்தால் என்ன ஆகும்?

கூர்நோக்கு:

‘அதுவே சரி’ என்று நான் சொல்லிக் கொடுப்பதில்லை, ஐயா. அதை எழுது என்றுதான் சொல்கிறேன்.

பார்த் தவறினார் என்று இன்று நம்மால் எப்படிச் சொல்ல முடிகிறது? அவர் கழுத்தணி என்று எழுதினார். எந்தப் பெண்ணின் கழுத்து என்று எழுதினார். என்ன உலோகம் என்றும் எழுதினார். யார் வேண்டுமானாலும் படத்தை எடுத்துச் சரிபார்க்கலாம். ‘இந்தக் குடும்பத்தின் கண்ணியம் என் மனத்தைத் தொட்டது’ என்று எழுதியிருந்தால் அவரை யாராலும் தவறு என்று சொல்லியிருக்க முடியாது. யாருக்கும் பயனும் இருந்திருக்காது.

நான் மாணவர்களிடம் கேட்பது இதுதான்: தவறாகிவிடக்கூடிய அளவுக்குத் துல்லியமாக எழுதுங்கள். சோகமாக இருக்கிறது என்று எழுதாதீர்கள். சோகம் படத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். சொந்த வாழ்க்கை இல்லாமல் அந்த விரல் எங்கே போக வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. விதிகளை மட்டும் படித்தவனின் விரல் எல்லாப் படத்திலும் ஒரே இடத்துக்குப் போகும். இவள் விரல் வைத்திருக்கிறாள். சரியா தவறா என்று இனிப் படத்தைப் பார்த்துப் பேசலாம். ஓரத்தில் ‘நாட்குறிப்பு’ என்று எழுதியவர் அந்தப் பேச்சைத் தொடங்கும் முன்பே முடித்துவிட்டார்.

பனைநிழல்:

டொரொன்டோவிலிருந்து எழுதுகிறேன். நான் மாணவியின் பக்கமும் இல்லை, அவருடைய ஆசிரியரின் பக்கமும் இல்லை. இப்படி ஒரு பயிற்சியைக் கொடுப்பதே பிழை என்று நினைக்கிறேன்.

1995 அக்டோபர் இறுதியில், போரின்போது, யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது எங்கள் வீட்டு ஆல்பங்கள் எல்லாம் அங்கேயே போயின. அண்ணாவின் படமாக மிஞ்சியது அடையாள அட்டையில் இருந்த சின்னப் படம் ஒன்றுதான். பிற்பாடு அதைப் பெரிதாக்கக் கொடுத்தோம். அண்ணாவின் இடது புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது. சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு. பெரிதாக்கியவர் அதைப் பழைய படத்தின் கீறல் என்று நினைத்துத் துப்புரவாக அழித்துவிட்டார். அம்மா அந்தப் படத்தைத்தான் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். பார்க்கும் போதெல்லாம் எனக்குத் தெரிவது இல்லாத அந்தத் தழும்பு.

இதை நான் ஒரு வகுப்பில் எழுதி, யாரோ ஒருவர் பத்துக்கு ஏழு போட்டுத் தருவதை வாங்குவேனா? பார்த்தைப் பற்றிச் சொன்னீர்கள். அதே நூலில் அவருடைய தாய் ஐந்து வயதுச் சிறுமியாக நிற்கும் படத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார். அந்தப் படத்தை மட்டும் அச்சிடவில்லை. அது தனக்கு மட்டுமே உரியது, மற்றவர்களுக்கு இன்னொரு பழைய படம்தான் என்றார். அந்த மறுப்பை மதிக்கிறேன்.

தனிப்பட்ட பதிலை மதிப்பெண்ணுக்காகக் கேட்டால் இரண்டு வகைப் பிள்ளைகள் உருவாவார்கள். துயரம் இருப்பவர்கள் அதைத் திறந்து காட்டக் கற்றுக்கொள்வார்கள். இல்லாதவர்கள் உண்டாக்கக் கற்றுக்கொள்வார்கள். இரண்டும் கேமராவுக்குப் பின்னால் நிற்கப்போகிற ஒருவருக்கு நல்லதல்ல.

கூர்நோக்கு:

பனைநிழல், நீங்கள் சொல்வது பாரமான விஷயம். பதினெட்டு வயதில் ஒருவர் என்னென்ன சுமந்துகொண்டு வகுப்புக்கு வருகிறார் என்று ஆசிரியருக்குத் தெரியாது. அதனால் முகங்கள் உள்ள படத்தோடு நான் தொடங்குவதில்லை. கட்டாயம் படித்துக் காட்ட வேண்டும் என்றும் சொல்வதில்லை. முதல் பக்கத்துக்கு மதிப்பெண்ணும் கிடையாது.

நான் கொடுப்பது லின்னேயஸ் ட்ரைப் 1858இல் எடுத்த மதுரைப் படங்களை. சென்னை மாகாண அரசு ஒளிப்படக் கலைஞராக அமர்த்திய ராணுவ அதிகாரி அவர். தெப்பக்குளம், புது மண்டபம், சிதைந்து கிடந்த திருமலை நாயக்கர் அரண்மனை எல்லாம் அவருடைய படங்களில் இருக்கின்றன. மாணவர்கள் பெரும்பாலும் ஒன்றையே எழுதுவார்கள்: பயமாக இருக்கிறது, ஊரே காலியாக இருக்கிறது. ஒரு பெண், திருவிழா முடிந்த மறுநாள் வீதி போல என்று எழுதினாள். மதுரைப் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் உறைக்கும். புது மண்டபத்தில் தையல்காரரும் பாத்திரக் கடைக்காரரும் நெருக்கி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தே வளர்ந்தவர்கள் அவர்கள்.

பிறகு கேட்பேன், ஏன் ஆள் இல்லை? அங்கிருந்துதான் பாடம் தொடங்குகிறது. ட்ரைப் பயன்படுத்தியது மெழுகிட்ட காகித நெகட்டிவ். ஒளி படிய நிமிடக்கணக்கில் ஆகும். நடந்து போகிறவர் பதிய மாட்டார். 1838இல் பாரிஸில் ஒளிப்பட முன்னோடி டாகேர் எடுத்த தெருப் படத்திலும் இப்படித்தான். பரபரப்பான வீதி; ஆனால் படத்தில் தெளிவாகத் தெரிவது காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள அசையாமல் நின்ற ஒருவர்தான். ஷட்டர் வேகத்தை நான் கரும்பலகையில் நடத்தினால் இவர்களுக்கு அது எண். பயந்த பிறகு நடத்தினால் அது விடை.

இருட்டறை:

நான் மதுரைக்காரன். அந்தப் படங்களை எனக்கும் தெரியும். உங்கள் எடுத்துக்காட்டே என் வாதத்துக்குத்தான் துணை நிற்கிறது.

ஊர் காலியாக இல்லை. அன்றும் அங்கே கூட்டம் இருந்திருக்கும். தெப்பக்குளத்து நீர் கண்ணாடியாகக் கிடப்பதும் நீண்ட நேரம் ஒளிவிட்டதன் விளைவு; சிற்றலை எல்லாம் ஒன்றாகக் கரைந்துவிடும். வானத்தில் தெரியும் மேகங்களையும் முழுக்க நம்ப முடியாது. அந்தக் காலத்து நெகட்டிவில் வானம் வெறுமையாக வெளுத்துப் போகும் என்பதால் ட்ரைப் பல நெகட்டிவ்களில் கையால் வண்ணம் தீட்டி மேகம் சேர்த்திருக்கிறார். உங்கள் மாணவர் பயந்தது காகிதத்தையும் மெழுகையும் தூரிகையையும் பார்த்து. அது தெரிந்த பிறகு அந்தப் பயத்துக்கு என்ன மதிப்பு? தூக்கிப்போட வேண்டியதுதானே?

இதே ட்ரைப், தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து நீளமாக ஒட்டி வைத்தார். ஒவ்வொரு துண்டிலும் எழுத்து தெளிவாக விழ வேண்டும், ஓரங்கள் பொருந்த வேண்டும். அதைப் பார்த்து நமக்கு என்ன தோன்றுகிறது என்று யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் அவருடைய மிகப் பெரிய வேலை அதுதான்.

தாமிரபரணிக்கரை:

ஐயா, பயத்தைத் தூக்கிப்போடச் சொல்கிறீர்கள். அந்தப் படங்களை வாங்கி வைத்துக்கொண்ட அரசுக்கும் ஊர் அப்படித்தானே தெரிந்திருக்கும்? எண்ணி எடுக்க வேண்டிய கல்லும் கோபுரமும். இடையில் நடமாடும் மக்கள் இல்லை. 1857 கிளர்ச்சியின் சூடு ஆறுவதற்கு முன்பே எடுத்த படங்கள். ஆள் பதியாதது மெழுகுக் காகிதத்தால்தான். ஆனால் அப்படி ஆளில்லாமல் பதிந்ததில் அவர்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை என்பதையும் பார்க்க வேண்டாமா? காரணம் தெரிந்ததும் அந்தப் பெண் எழுதிய பயம் இன்னும் பெரிய கேள்வியாகிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

செய்திப்படம்:

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். சொந்த உணர்வே வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. ஒரே படத்தை வைத்துக்கொண்டு உணர்வைக் கேட்பதுதான் எனக்கு உடன்பாடு இல்லாதது.

1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு கசிந்த பிறகு, ஒரு குழந்தையை அடக்கம் செய்ததை ரகு ராயும் எடுத்தார், பாப்லோ பார்த்தலோமியோவும் எடுத்தார். ஒரே குழந்தை, ஒரே மண். ராயின் படம் கறுப்பு வெள்ளை. பார்த்தலோமியோவின் படம் வண்ணம். அந்த ஆண்டின் உலகச் செய்திப் பட விருதைப் பெற்றது அதுதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதை அதிக நேரம் பார்க்க முடிகிறது என்று ஒரு மாணவனைக் கேளுங்கள். பதில் சொந்தப் பதிலாகத்தான் இருக்கும். ஆனால் அவன் ‘என் தம்பி நினைவுக்கு வந்தான்’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தம்பி இரண்டு படத்திலும் நினைவுக்கு வருவான். ஒன்றில் ஏன் கண்ணை எடுக்க நேர்ந்தது என்று அவன் படத்துக்குள்தான் தேட வேண்டும்.

எனக்கு வண்ணப் படத்தைப் பார்க்க முடிவதில்லை. மண்ணின் நிறமும் தோலின் நிறமும் நெருங்கி வருகிற இடத்தில் நின்றுவிடுகிறேன். கறுப்பு வெள்ளையில் அது எனக்கு ஒரு படமாகத் தூரத்தில் நிற்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டும் வேண்டியிருந்தன.

இன்னொன்று, தங்கையே. ஃப்ளோரன்ஸின் கையில் வேலை இல்லை என்று எழுதினாய். ஏன் இல்லை தெரியுமா? குடும்பத்தார் பின்னாளில் சொன்னபடி, அவர்கள் அந்த முகாமில் தங்கிப் பட்டாணி பறிக்க வந்தவர்களே அல்லர். கார் பழுதாகி வழியில் ஒதுங்கியவர்கள். பழுது பார்க்க ஊருக்குள் போயிருந்தவர்கள் திரும்பி வரக் காத்திருந்த நேரத்தில்தான் லாங் வந்தார்.

தாமிரபரணிக்கரை:

காத்திருந்தார்! அண்ணா, நான் எழுதியது அதைத்தானே? அம்மாவின் கை கன்னத்துக்குப் போவது வறுமையால் அன்று. வறுமை எந்நேரமும் இருக்கிறது. இன்னொருவர் வந்து முடிவு சொல்கிறவரை செய்ய ஒன்றும் இல்லாத நேரத்தில்தான் போகும். காரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அந்தக் கை காத்திருக்கும் கை என்பது தெரிந்தது.

இருட்டறை:

தற்செயலாகப் பொருந்தியது சான்றாகாது, மகளே. இதற்காகவே ஒன்றைக் கடைசியாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

உங்களுக்கு வகுப்பில் கொடுத்த பிரதியில் வலது பக்கக் கீழ் மூலையைப் பார். கூடாரக் கம்பம் நிற்கிற இடம். அங்கே ஒரு கட்டைவிரல் இருந்தது, கம்பத்தைப் பிடித்தபடி. கண்ணை இழுக்கிறது என்று லாங் பின்னாளில் நெகட்டிவிலேயே அதை அழிக்கச் செய்தார். உற்றுப் பார்த்தால் இன்றும் அதன் மங்கலான சுவடு தெரியும். பனைநிழல் சொன்ன தழும்பைப் போல அது தெரியாமல் செய்தது அன்று, முடிவெடுத்துச் செய்தது.

படத்தில் ஒரு கை எதையோ பிடித்துக்கொண்டிருந்தது. பிடித்த கையை அழித்துவிட்டு, பிடிக்காத கையை மட்டும் நம் முன் வைத்தார்கள். ‘கைக்கு வேலை இல்லை’ என்று நீ எழுதியது அந்தப் படத்தைப் பார்த்து. உன் ஆசிரியர் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். சொல்லவில்லை என்பது அவர் குறை. ஆனால் இது தெரியாமல் நீ எழுதியது நிற்காது.

கூர்நோக்கு:

ஐயா, விரலைப் பற்றி நான் ஆண்டுதோறும் சொல்கிறேன். மாணவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். கையைப் பற்றி எழுதிய ஒருத்திக்குத்தான் இந்த விரல் உண்மையிலேயே ஒரு செய்தி. அவளுடைய பக்கம் நிற்காது என்கிறீர்கள். அந்தப் பக்கம் இல்லாவிட்டால் நீங்கள் இதை இவ்வளவு நேரம் ஒளித்து வைத்துச் சொல்ல வேண்டிய தேவையே வந்திருக்காது.

தாமிரபரணிக்கரை:

மூலையைப் பார்த்தேன். செல்பேசியில் சரியாகத் தெரியவில்லை. நிழல் போல ஏதோ இருக்கிறது.

முதல் பக்கத்தை நான் மாற்றப் போவதில்லை. அன்று என் கையில் இருந்த பிரதியைப் பார்த்து எழுதியது அது. இரண்டாவது பக்கம் ஒன்று எழுதப் போகிறேன். கம்பத்தைப் பிடித்த விரல் லாங்குக்கு ஏன் இடைஞ்சலாக இருந்தது என்று அதில் கேட்பேன். அந்த விரல் இருந்தால் ஃப்ளோரன்ஸ் கூடாரத்தைத் தாங்கிப் பிடித்திருக்கும் ஒருத்தியாகவும் தெரிந்திருப்பார். விரல் போனதும் அரசுக்கு உதவி செய்யத் தோன்றுகிற ஒருத்தி மட்டும் மிஞ்சினாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அழித்தது படம் நாளிதழில் வந்த பிறகு என்றால் இந்தச் சந்தேகம் அப்படியே நிற்காது. தேதிகளைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். அம்மாவிடமும் படத்தைக் காட்டப் போகிறேன். விரலைப் பற்றி முதலில் சொல்ல மாட்டேன்.

பனைநிழல்:

அம்மாவிடம் காட்டுங்கள், தங்கச்சி. அவர் சொல்வதை எல்லாம் ஆசிரியரிடம் கொடுக்க வேண்டியதில்லை. என் கருத்தில் மாற்றம் இல்லை.

இருட்டறை:

உன் முதல் பக்கத்துக்கு நான் மதிப்பெண் போட்டாலும் அதே மதிப்பெண்தான் போடுவேன், அதை மறைக்கவில்லை. இரண்டாவது பக்கம் வந்ததும் எனக்கு அனுப்பு.

செல்பேசித் திரையில் பார்த்து விரலைப் பற்றி எழுதாதே. விரலை அழிப்பதற்கு முந்தைய பிரதியும் அழித்த பிறகான பிரதியும் அந்த நூலகத் தளத்தில் பெரிய கோப்பாகவே கிடைக்கின்றன. அரசுப் பணிக்காக எடுத்தவை என்பதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். இரண்டையும் 8க்கு 10 அங்குலத்தில் போட்டு அனுப்புகிறேன். பளபளப்புத் தாளில் போடுகிறேன். மேட் தாளில் அந்த மூலையின் கருமை அடைத்துக்கொள்ளும். முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்பு. அம்மாவுக்கு என்று தனியாக ஒரு பிரதி வேண்டுமானால் அதையும் சொல்.